நடுக்கதவு ஸ்பீக்கர்

அப்பா சென்னையில் காந்தம் வாங்கிக்கொண்டு திரும்பிய அன்று, பஸ்ஸையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. காந்தப் பட்டைகள் இருந்த துணிப்பையை அவர் சீட்டுக்கு அடியில் வைத்தார். பை நகர்ந்து போய் சீட்டின் இரும்புக் காலோடு ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்தில் இறங்கும்போது இழுக்கிறார், வரவில்லை. கண்டக்டர் வந்து இழுத்தார். பின்சீட்டுக்காரர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். பை கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் காந்தங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து என் பாவாடையில் கொட்டினார்கள்.

"இன்னாத்துக்கு சார் இவ்ளோ காந்தம்?" என்றார் கண்டக்டர்.

"ஸ்பீக்கர் செய்ய" என்றார் அப்பா, பெருமையாக. கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. அப்பாவுக்குத் தொழில் பட்டு நெசவு, பைத்தியம் ஸ்பீக்கர். தறியை விட்டு எழுந்தால் கையில் சால்டரிங் ராடு இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கெட்டாலும் எங்கள் வீட்டுக்கு வரும். அவற்றில் சில திரும்பியும் போகும்.

இந்த முறை அவர் போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைப் பார்த்துவிட்டார். அந்த மனிதர் பேசியதில் அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் கையைப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்த ஸ்பீக்கரில் கூம்பு கிடையாது. வரிசையாகக் காந்தப் பட்டைகள், அவற்றுக்கு எதிரே இழுத்துக் கட்டிய, மைலார் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், தாளின் மேல் வளைந்து வளைந்து ஓடும் அலுமினியக் கோடு. பாட்டு மின்சாரமாக அந்தக் கோட்டில் ஓடும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். தாள் முழுவதும் ஆடிப் பாடும். பிளேனர் என்று அதற்குப் பெயர். இதைவிட ஆச்சரியம், அதற்குப் பெட்டியும் கிடையாது. வெறும் பலகையில் ஓட்டை போட்டு மாட்டிவிடலாம். முன்னால் எவ்வளவு கேட்குமோ பின்னாலும் அவ்வளவு கேட்கும். ஓபன் பேஃபிள் என்று அப்பா அதை ஒரு சாமி பெயர் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே சிக்கல், பலகை பெரிதாக இருக்கவேண்டும். சின்னப் பலகையானால் முன்னால் வரும் சத்தமும் பின்னால் வரும் சத்தமும் ஓரத்தைச் சுற்றி வந்து சந்தித்து ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம். அவ்வளவு பெரிய பலகை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நடுக்கதவு.

நடுக்கதவைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் அண்ணன். ஒரே நீள வீட்டை இரண்டாகப் பிரித்து, தெருவைப் பார்த்தபடி இடது பாதியில் அவர்களும் வலது பாதியில் நாங்களும் இருந்தோம். கூடத்தின் நடுவே, இரண்டு பாதிக்கும் போகவர ஒரு ரெட்டைக் கதவு. பிரிவினைக்குப் பிறகும் அது திறந்தேதான் கிடந்தது. பகலெல்லாம் அண்ணனும் தம்பியும் ஒரே தறியில்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவு நூலும் வேறு வேறு. அதை நெய்ய இரண்டு பேர் வேண்டும். பெரியப்பா உடல் நெய்வார், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். பேசிக்கொள்ளவே மாட்டார்கள், கை மட்டும் ஒன்றாகப் போகும்.

நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாணச் சேலையில் கரை முழுக்கச் சுருங்கிப் போய்விட்டது. முதலாளி சேலையைத் திருப்பி அனுப்பினார். கரைப் பாவைத் தம்பி இழுத்துக் கட்டிவிட்டான் என்றார் பெரியப்பா. என் பாவு சரி, அண்ணன் தறியில் அடித்த அடி சரியில்லை என்றார் அப்பா. அவ்வளவுதான் சண்டை. உண்மையில் யார் தப்பு என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அவர் தன் தறிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டார், இவர் தன் தறிக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டார். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. ரோஷத்துக்கு இந்தப் பக்கமும் ஒன்று விழுந்தது.

சண்டை ஆண்களோடு நின்றது. அம்மாவும் பெரியம்மாவும் கொல்லைச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். பெரியப்பாவின் மகள், என் அக்கா, என்னோடு ஒரே பள்ளிக்கு நடந்து வருவாள். அந்தப் பக்கத்துச் செய்தி எல்லாம் எனக்கு அவள் மூலம் வந்துவிடும். அப்படி வந்த செய்திதான் செங்கல். நடுக்கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைக்கப் போகிறார் பெரியப்பா. ரெட்டைக் கதவு என்பதால் பாகம் பிரிப்பதும் சுலபம், ஆளுக்கு ஒன்று. மறுநாளே அவர்கள் வாசலில் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனாருக்கு வேறு வேலை இருந்ததால் அது கொஞ்ச நாள் அங்கேயே கிடந்தது.

அந்தச் செங்கலைப் பார்த்த அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சுவர் வந்துவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல பலகை வீணாகப் போகிறதே என்ற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அதற்கு அடுத்த வாரம்தான் காந்தம் வாங்கப் போனோம்.

நடுக்கதவில் ஓட்டை போடப் போவதாக அப்பா சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இன்னாங்க, பொதுக் கதவாச்சே அது. அவரு கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"பாதி நம்மளதுதானே. நம்ம பக்கத்துலதான் ஓட்ட போடறேன்."

"அப்போ அவங்க பக்கம் ஓட்ட வுழாதா?"

அப்பா காதில் விழாதது போலக் கதவை அளக்கத் தொடங்கினார். ஒரு கதவை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து சுவரில் சாத்தி வைத்துச் செய்யக்கூடாதா என்று அம்மா கேட்டாள். கதவு கதவாகவே இருந்து, சுற்றிலும் சுவரும் சேர்ந்தால்தான் சத்தம் தப்பி ஓடாமல் நிற்கும் என்று அப்பா விளக்கம் கொடுத்தார். விளக்கம் என்னவோ சரிதான். பிற்பாடு நானும் படித்துப் பார்த்திருக்கிறேன்.

வேலை தொடங்கியது, கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர். நெசவாளி ஸ்பீக்கர் செய்தால் முதலில் என்ன தப்பு செய்வானோ அதை அப்பா செய்தார். அலுமினியக் கோட்டுக்குப் பதில் ஜரிகையை ஒட்டினார். ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, வெள்ளியைப் போல மின்சாரம் கடத்துவது எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. தாளின் மேல் கோடு கோடாக ஜரிகை மின்னியது, பார்க்க முந்தானை மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கொசு பாடுவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு முடி கருகுவது போல ஒரு நாற்றம் வந்தது. வெள்ளிக்கு உள்ளே இருப்பது பட்டு நூல் என்பதை அதை வாழ்நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர் மறந்துவிட்டார்.

"கல்யாணச் சேலைக்கு எடுத்து வெச்ச ஜரிகைங்க அது! பாட்டு கேக்கற மூஞ்சியப் பாரு!" என்று அம்மா கத்தினாள். கத்திவிட்டு, சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை எடுத்துவந்து, பிளேடால் ஒரே அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டிக் கொடுத்தாள். அம்மாவின் கோபம் எப்போதும் இப்படி வேலையில் போய்த்தான் முடியும்.

தாளை இழுத்துக் கட்டுவதுதான் முக்கியமான கட்டம். ஒரு மரச் சட்டத்தின் மேல் தாளைப் போர்த்தி, அதன் மேல் இன்னொரு சட்டத்தை வைத்து, மூலைக்கு ஒரு போல்ட் போட்டு முறுக்கவேண்டும். முறுக்க முறுக்கத் தாள் இறுகும். இதை ஒருவரால் செய்ய முடியாது. ஒரு பக்கம் போல்ட்டின் தலையை ஸ்க்ரூடிரைவரால் அசையாமல் பிடிக்கவேண்டும், மறுபக்கம் ஸ்பேனரால் நட்டைத் திருப்பவேண்டும். தலையைப் பிடித்தது நான். அப்பா கொஞ்சம் திருப்புவார், தாளை விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பார், காதைக் கொடுப்பார், மறுபடி கொஞ்சம் திருப்புவார். பாவைத் தட்டிப் பார்க்கும்போதும் அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

மேசை மேல் வைத்து முதல்முறை போட்டுப் பார்த்தோம். பங்குனித் திருவிழாவில் சாமி புறப்பாட்டின்போது அப்பா போனில் பிடித்து வைத்திருந்த நாதஸ்வரம். சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் வாசிப்பவர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. யாரோ எங்கள் கூடத்துக்குள் வந்து நின்று வாசிப்பதாக நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஈரக் கையோடு வந்து நின்றுவிட்டாள். எனக்கு ஏனோ அழுகை வந்தது. என் அப்பாவைப் போல ஒருவர் இந்த உலகத்திலேயே கிடையாது என்று அன்று முடிவு செய்தேன்.

அப்பா கதவை அறுத்த சத்தம் தெருவுக்கே கேட்டது. பெரியப்பா வந்து சண்டை போடுவார் என்று அம்மா ஒவ்வொரு நிமிடமும் எதிர்பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. அக்கா சொன்னாள், "எங்கப்பா நாற்காலிய கதவாண்ட போட்டுக்கினு உக்காந்துக்கினு இருந்தாரு. மரத்தூள் அவரு மேலயே கொட்டுச்சு. எழுந்துக்கவே இல்ல."

ஓட்டை தயாரானதும், மாட்டுவதற்கு முன்னால், அப்பா என்னைக் கூப்பிட்டு மறுபடி ஸ்க்ரூடிரைவரைப் பிடிக்கச் சொன்னார். ஸ்பேனரால் ஒரு திருப்பு. இன்னொரு திருப்பு. தாளைத் தட்டினால் 'டப்' என்றது போய் 'டிங்' என்றது.

"போதும்பா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கண்ணு. கெட்டியா புடி."

அவர் இன்னும் திருப்பினார். என் மணிக்கட்டு வலித்தது. இரண்டு ஸ்பீக்கரையும் அப்படியே இறுக்கி, எங்கள் பக்கத்திலிருந்து கதவு ஓட்டைகளுக்குள் பொருத்தினார். பொருத்தியதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல். காந்தமும் ஒயரும் காந்தத்தைத் தாங்கும் ஓட்டைத் தகடும் எங்கள் பக்கம், பளபளக்கும் தாள் பெரியப்பா பக்கம். சேலையை உள்புறம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டது போல இருந்தது எங்கள் கதவு. நமக்கு மட்டும் ஏன் அசிங்கமான பக்கம் என்று கேட்டேன். உன் கை சும்மா இருக்காது, அதனால்தான் என்றார் அப்பா. நான் நம்பிவிட்டேன்.

மாலையில் போட்டார். அதே நாதஸ்வரம், அதே ஆள், ஆனால் வால் மிதிபட்ட பூனை போலக் கத்தியது. அடி நாதமே இல்லை. மேலே போகும்போதெல்லாம் காதில் ஊசி குத்தியது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றுமே நடக்காதது போலக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். கழற்றி எடுத்துச் சரி செய்யலாம் என்றேன். பார்க்கலாம் என்றார். மறுநாளும் அதையே போட்டார். அதற்கு மறுநாளும். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். அவள் கத்தாமல் இருந்ததே எனக்குப் புதிதாக இருந்தது.

அக்காவின் செய்தி இன்னும் மோசம். பெரியப்பா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு கதவுக்கு முன்னால் நிற்கிறாராம். குனிந்து தாளைப் பார்க்கிறாராம். ஒருமுறை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "கெடுத்து வெச்சிக்கிறான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். என் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டார்களே என்று எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அக்காவோடு இரண்டு நாள் பேசாமல் நடந்தேன். குடும்ப வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்துவிட்டார். அந்தப் பக்கம் மணலைச் சலிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவை எப்படிக் கழற்றுவது என்று அவர் பெரியப்பாவைக் கேட்டதும் கேட்டது. ஓட்டை இருந்ததால் எல்லாமே தெளிவாகக் கேட்டது. அப்பா போனை எடுத்து, நாதஸ்வரத்தைப் போட்டு, சத்தத்தை முழுவதும் ஏற்றிவிட்டார்.

பூனை கத்தியது. சுவரில் மாட்டியிருந்த சாமி படம் அதிர்ந்தது. கொத்தனார் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அப்போது அந்தப் பக்கம் யாரோ கதவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்கள். அப்பா உடனே சத்தத்தைக் குறைத்தார். அந்த அடிக்காகவே காத்திருந்தது போல அவ்வளவு சீக்கிரம் குறைத்தார்.

"டேய்!"

அந்தக் குரல் எங்கள் கூடத்தில் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடா இது, கழுத்த நெரிச்ச மாதிரி கத்திக்கினு கெடக்குது? அந்தக் கரைப் பாவு மாதிரியே இழுத்துக் கட்டி வெச்சிக்கிற!"

அப்பா சொல்லப் போகிறார், மேசை மேல் இது எவ்வளவு நன்றாகப் பாடியது என்று சொல்லப் போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாண்ணா" என்றார் அப்பா. "இழுத்துட்டேன் போல."

"போல இன்னா போல. இழுத்துட்ட."

"இழுத்துட்டேன்ணா."

நான் வாயைத் திறந்தேன். "பெரியப்பா, மேசை மேல நல்லாத்தான்..." என்று தொடங்கியதும் அம்மா பாய்ந்து வந்து என்னைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவள் புடவையில் என் வாய் அடைந்துபோயிற்று.

அந்தப் பக்கம் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவரச் சொல்லி பெரியப்பா பெரியம்மாவை அதட்டுவது கேட்டது. போல்ட்டின் தலையில் ஸ்க்ரூடிரைவர் உரசியது. எங்கள் பக்கத்தில் நட்டு சும்மா சுற்றியது.

"நட்டு கூடவே சுத்துதுடா. புடி."

அப்பா ஸ்பேனரை எடுத்தார். "புடிச்சிக்கினேன்ணா."

"விட்டுடாத."

"விடலைண்ணா."

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஒரு போல்ட் தளர்ந்ததும் சொல்லாமலே இரண்டு பேரும் அடுத்த மூலைக்குப் போனார்கள். பெரியப்பா நகத்தால் தட்டுவார், 'ம்' என்பார். அப்பா அந்த 'ம்'முக்கு ஏற்றபடி பிடியை மாற்றுவார். கொத்தனார் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு கதவும் முடிய நெடுநேரம் ஆனது.

"இப்போ போடு" என்றார் பெரியப்பா.

அப்பா போட்டார். மேசை மேல் கேட்ட அதே நாதஸ்வரம். இல்லை, அதைவிட நன்றாக இருந்தது. கதவும் சுவரும் சேர்ந்து அதற்கு ஒரு உடம்பைக் கொடுத்திருந்தன. வாசித்து முடியும்வரை இரண்டு வீடும் கேட்டுக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தெரு வழியாகச் சுற்றி எங்கள் வாசலில் வந்து நின்றார். இந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். யாரும் அவரைக் காரணம் கேட்கவில்லை. அப்பா நாற்காலியைத் தட்டிப் போட்டார். பெரியப்பா கேட்டுவிட்டு, தாளை எப்படி இழுப்பது என்று அப்பாவுக்கே பாடம் எடுத்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அம்மா இலை போடப் போனாள்.

நடுக்கதவு அதற்குப் பிறகும் மூடியேதான் இருக்கிறது. திறந்தால் சத்தம் கெட்டுவிடும் என்று இரண்டு பேரும் யாரையும் தொடவிடுவதில்லை. ஆட்கள் தெரு வழியாகச் சுற்றித்தான் போய் வருகிறார்கள், நாளுக்குப் பத்து முறை. செங்கல் கொல்லையில் துணி துவைக்கும் மேடையாகிவிட்டது. அடுத்த முகூர்த்தத்துக்கே அண்ணனும் தம்பியும் ஒரே தறியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

போன வருடம் நானே என் அறைக்கு ஒரு ஜோடி பிளேனர் செய்தேன். தாள் இழுக்கும்போது சந்தேகம் வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன், அப்பா அன்றைக்கு எப்படி அவ்வளவு தவறாக இழுத்தார் என்று. அம்மா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "உங்கப்பா பாவு கட்டி நான் தப்பே பாத்ததில்லடி. அந்தத் தாள இழுத்த ஒரு தடவ, அவரே இஷ்டப்பட்டு பண்ண தப்புதான். எங்கிட்ட சொல்லிட்டுதான் பண்ணாரு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது தெரியாது. எல்லோர் முன்னாலும் என் அப்பா தோற்றுவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா இரண்டாம் முறை சோறு கேட்டார். அப்புறம் மூன்றாம் முறையும் கேட்டார். இவ்வளவு அவமானப்பட்ட மனிதருக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று எனக்குப் புரியவே இல்லை.